சந்தையிலிருந்து வந்த குஞ்சுகள்

தம்பி ஒரு அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பின்கதவு வழியாக உள்ளே நுழைந்தபோது, அக்கா கொடியில் போர்வை உதறிக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள்ளிருந்து கீச்கீச்சென்று ஒரே கூச்சல்.

"என்னடா அது?"

"கண்ணை மூடு, காட்டறேன்."

"கண்ணை மூடி விளையாடற வயசா எனக்கு? முதல்ல அதைக் கீழ வை. குனிய முடியல, நிமிர முடியலன்னு படுத்துக் கிடந்தவனுக்குப் பெட்டி தூக்கற தெம்பு மட்டும் எங்கேருந்து வந்துச்சு?"

அவன் பெட்டியைத் தரையில் வைத்து மூடியைத் திறந்தான். உள்ளே ஐந்து கோழிக்குஞ்சுகள். பொரித்த சூடு ஆறாத மஞ்சள் உருண்டைகள் இல்லை. இறகு பாதி முளைத்து, கால் மட்டும் நெடுநெடுவென்று வளர்ந்து, இரண்டுங்கெட்டான் பருவத்தில் நிற்கிறவை. ஒன்றுக்கு ஒன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒன்று வெள்ளை வெளேரென்று ஒல்லியான லெகார்ன் சாதி. ஒன்று செங்கல் நிறம். ஒன்றுக்குக் கழுத்தில் பேருக்குக்கூட ஒரு இறகு கிடையாது, யாரோ சட்டைக் காலரைக் கழற்றிக்கொண்டு போன மாதிரி. ஒன்று சாம்பல் நிறத்தில் புள்ளி. கடைசி ஒன்று சில்கி என்கிற வெளிநாட்டுச் சாதி. இறகா பஞ்சா என்று தெரியாமல், கண்ணை மறைத்த கொண்டையோடு திருதிருவென்று நின்றது.

அக்கா குனிந்து அதைப் பார்த்தாள். "இது கோழியா, இல்ல பவுடர் டப்பாவில வெக்கற பஞ்சா?" என்று கேட்டவள், கேட்ட வாயோடு சிரித்துவிட்டாள்.

அந்த வீட்டில் அவள் சிரித்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தம்பி வாயடைத்து நின்றான். அவன் வாயடைத்து நிற்பதும் அபூர்வம்தான். சின்ன வயதிலேயே வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பேர் விழுந்துவிட்டது. கண் விழித்தால் தொடங்குகிற பேச்சு, தூக்கம் வந்து அணைத்தால்தான் நிற்கும். லாரி ஓட்டினான். கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால் உடனே அவனுக்கு ஒரு லோடு வந்துவிடும். அப்படியே தட்டிக் கழித்துத் தலையும் நரைக்கத் தொடங்கியாயிற்று. இந்த வருஷம் முதுகெலும்பில் தட்டு விலகி, இனிமேல் ஸ்டியரிங் பக்கமே போகாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு பையோடு அக்கா வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தான்.

அக்காவுக்கு ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை. உருளை இஸ்திரி மெஷினிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெளியே வருகிற படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவது. நாலு முனையும் நூல் பிடித்த மாதிரி சேரும். அங்கே எல்லோரும் அவளை மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் வேறொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டு என்றைக்கோ போய்விட்டார். இருந்தது ஒரே மகள். பத்தொன்பது வயதிலும் அவளுக்கு வீட்டில் பேர் பாப்பாதான்.

கோழிகள் பாப்பாவுடையவை. பள்ளிக்கூடம் முடிக்கிற சமயத்தில், எங்கேயோ கேட்டு வாங்கிவந்த முட்டைகளை ஒரு தெர்மாகோல் பெட்டியில் வைத்து, பல்பு மாட்டி, நேரம் தவறாமல் புரட்டிப் புரட்டிப் பொரிக்க வைத்தாள். கரண்டு போன அன்றைக்குப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்த முட்டைகளில் பிழைத்தவைதான் பின்கட்டில் திரிந்த பழுப்புக் கோழிகள். அதில் ஒன்று எப்போதும் கழுத்தை நிமிர்த்தி நடக்கும், மற்றதெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறதா என்று சுற்றி வரும், வரிசை மீறினால் மண்டையில் ஒரு கொத்து. அதற்கு டீச்சர் என்று பேர் வைத்தாள் பாப்பா. "இதோ எங்க பழைய கணக்கு டீச்சர், அப்படியே உரிச்சு வெச்சிருக்கு பாரும்மா" என்பாள்.

அப்புறம் பாப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. சாதாரணச் சளி என்று நினைத்தார்கள். நுரையீரல் வரை போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அன்றைக்குக் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தாள். "கோழிங்களுக்கு யாரும்மா தண்ணி வெக்கறா? நீ போய்ப் பார்த்துட்டு வா, மாமா இருக்காருல்ல" என்று அவள்தான் விரட்டி அனுப்பினாள். அக்கா வீட்டுக்கு வந்து, தண்ணீர் மாற்றி, தீனி வைத்துவிட்டுத் திரும்பிப் போகும்போது கட்டிலில் முகம் வரை போர்வை இழுத்து விட்டிருந்தது. தம்பி வாசலில் நின்றான். "தூங்கிட்டே இருந்தாக்கா. தூக்கத்துலயே போயிட்டா. அவளுக்கு ஒன்னுமே தெரியாது" என்றான்.

அதற்குப் பிறகு அக்கா கோழிகளைக் கொஞ்சியதும் இல்லை, விட்டதும் இல்லை. காலையில் திறப்பாள், சாயங்காலம் மூடுவாள். அவற்றுக்கும் வயதாகி முட்டை குறைந்துவிட்டது. போன மாதம் ஒரு கோழி கூண்டு மூலையில் சுருண்டு செத்துக் கிடந்தது. அன்றைக்கு அக்கா வேலைக்குப் போகாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான். அதன் விளைவுதான் இந்தச் சந்தைப் பெட்டி.

"எங்க வாங்கின?"

"வாரச் சந்தைல. கூண்டு கூண்டா வெச்சிருந்தான். ஒவ்வொரு சாதியிலயும் ஒன்னு எடுத்தேன். பழசெல்லாம் ஒன்னொன்னா போயிடுச்சுன்னா கூண்டு காலியாயிடும்ல?"

"உடனே உள்ள விடாத. டீச்சர் கொத்தியே கொன்னுடும்" என்றாள் அக்கா.

தம்பி கூண்டுக்கு நடுவில் கம்பிவலை அடித்தான். முதுகைப் பிடித்துக்கொண்டே ஆணி அடித்தான். இந்தப் பக்கம் பழசு, அந்தப் பக்கம் புதுசு. பார்த்துக்கொள்ளலாம், தொட முடியாது. முதல் நாள் டீச்சர் வலையோரம் இப்படியும் அப்படியும் நடந்து, ஒவ்வொரு குஞ்சையும் ஒரு கண்ணால் முறைத்தது. மொட்டைக் கழுத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது.

"யூனிபார்ம் சரியில்லன்னு வெளிய நிக்க வெக்குது" என்றான் தம்பி.

கொஞ்ச நாளில் முறைப்பு குறைந்தது. வலைக்கு இரண்டு பக்கமும் தீனித் தட்டை ஒட்டி வைத்தால் இரண்டு கூட்டமும் தலைக்குத் தலை நின்று தின்றன. ஒரு நாள் நல்ல மழை. சாரல் புதுக் குஞ்சுகளின் பக்கம் அடித்து, எல்லாம் நனைந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்கிக்கொண்டிருந்தன. வேலையிலிருந்து வந்த அக்கா, குடையைக்கூட மடக்காமல் ஓடிப்போய் வலையைத் தன் கையாலேயே பிரித்து விட்டாள். கொத்தும் கூச்சலுமாகக் கொஞ்ச நேரம் ரகளை. லெகார்னின் வாலில் இரண்டு இறகு போயிற்று. செங்கல் நிறத்தது எதிர்த்து நின்று பார்த்து, ஒரே கொத்தில் அடங்கியது. சில்கி மட்டும் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. நேராக டீச்சரின் வயிற்றுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டது. டீச்சர் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தது. அதுவும் பின்னாலேயே போய் நுழைந்தது. கடைசியில் டீச்சர்தான் சலித்துப்போய் இறக்கையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தது.

மறுநாள் சலவை மேஜையில் அக்கா இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பக்கத்தில் மடித்தவள், "மடிப்பக்காவுக்கு வாய் இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றாள்.

குஞ்சுகள் அவ்வப்போது தும்மின. தவிட்டுத் தூசி என்று தம்பி சொன்னான். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். ஒரு வாரத்தில் தும்மல் நின்றும் போயிற்று. அதற்கப்புறம்தான் பழைய கோழி ஒன்று கண் வீங்கி, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. இரண்டு நாளில் அது போயிற்று. அடுத்ததற்கு மூக்கில் நுரை. அதையும் காப்பாற்ற முடியவில்லை.

கால்நடை மருத்துவர் வந்தார். சின்ன வயதுப் பெண். கையுறை மாட்டி ஒவ்வொன்றையும் தூக்கி, வாயைப் பிரித்துப் பார்த்து, காதை வைத்துக் கேட்டார். புதுசு எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் தனியாக வைத்திருந்தீர்கள் என்று விசாரித்தார்.

"நடுவுல வலை போட்டிருந்தோம் டாக்டர்" என்றான் தம்பி.

"வலை கொத்தறதைத் தடுக்கும். மூச்சைத் தடுக்குமா? புதுசா வந்தா வேற இடத்துல, கூண்டுக்கு எட்டாத தூரத்துல வெச்சுப் பார்க்கணும். சின்னது தாங்கிடுச்சு. வயசானது தாங்காது." ஊசி போட்டுவிட்டு, கையுறையைக் கழற்றியபடியே சொன்னார்: "இன்னொன்னும் தெரிஞ்சுக்குங்க. பிழைச்சது பார்க்க நல்லா இருக்கும், ஆனா நோய் உள்ள இருந்துட்டே இருக்கும். இனிமே இந்தக் கூண்டுக்குள்ள வேற கோழி எதையும் கொண்டு வரக்கூடாது. இங்கேருந்து யாருக்கும் குடுக்கவும் கூடாது. முடியாதுன்னா, எல்லாக் கோழியையும் மொத்தமா முடிச்சுட்டுக் கூண்டைச் சுத்தம் பண்ணிக் கொஞ்ச காலம் காலியா போடணும். யோசிச்சுச் சொல்லுங்க."

பழையதில் டீச்சர் ஒன்றுதான் மிச்சம். அதற்கும் மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து, ஒவ்வொரு மூச்சையும் எங்கிருந்தோ கயிறு கட்டி இழுப்பது போல இழுத்தது. பின்னறையில் சாக்கு விரித்து, தம்பி அதைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான். வெந்நீர் ஆவி காட்டினான். இங்க் ஃபில்லரில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊற்றினான்.

அக்காவால் அந்தச் சத்தத்தைக் கேட்க முடியவில்லை. அதே இழுப்பை அவள் பாப்பாவின் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே கேட்டிருக்கிறாள். காலையில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். லீவு சொல்லியிருக்கலாம். சூப்பர்வைசர் மறுக்கப் போவதில்லை. "பார்த்துக்கடா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அன்றைக்கு மடித்ததெல்லாம் கோணலாகவே வந்தது. ஒரே விரிப்பைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது பின்கட்டில் சுவரோரமாக மண் புதிதாகக் கிளறிக் கிடந்தது. மேலே சுண்ணாம்புத் தூள். தம்பி குழாயடியில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

அக்கா கையிலிருந்த பையைக் கீழே போட்டாள். "போயிடுச்சா?"

"மதியமேக்கா. உடனே புதைக்கணும்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. அதான்..."

"எனக்காகக் கொஞ்ச நேரம் வெச்சிருக்கக் கூடாதாடா?"

"நீ பார்க்க வேணாம்னுதான்க்கா."

"நான் எதைப் பார்க்கணும், எதைப் பார்க்கக் கூடாதுன்னு முடிவு பண்ண நீ யாருடா?" குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. பக்கத்து வீட்டு ஜன்னலில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை. "அன்னிக்கும் போர்வையை இழுத்து விட்டுட்டு வாசல்ல நின்ன. இன்னிக்கு மண்ணைப் போட்டு மூடிட்டு நிக்கற. நீ வந்து நின்னாலே என் வீட்டுல ஒரு உயிர் போகுதுடா!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. தம்பி மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தான். உள்ளே போனான்.

அக்கா குழாயடிக் கல்லில் உட்கார்ந்தாள். புதுக் குஞ்சுகள் அவளைச் சுற்றி மேய்ந்தன. சில்கி அங்கேயும் இங்கேயும் ஓடி, கூண்டுக்குள் எட்டிப் பார்த்து, மறுபடி வெளியே வந்தது. காலால் எட்டி உதைக்க வேண்டும் போல ஒரு கணம் ஆத்திரம் வந்தது. கால் எழவில்லை. வலையைப் பிரித்து விட்டது அவள் கைதானே. காலையில் வாசலைத் தாண்டிப் போனதும் அவள் கால்தானே. அவன் மீது எறிந்ததெல்லாம் தன்மேல் விழ வேண்டியது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

இருட்டுவதற்கு முன் அவள் உள்ளே போனபோது, முன்னறையில் அவனுடைய பை கட்டி வைத்திருந்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். மாட்டிவிட்டான், கயிறு கட்டக் குனிய முடியவில்லை. பாதி குனிவான், பல்லைக் கடிப்பான், நிமிர்வான். மறுபடி முயற்சி செய்வான்.

அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்து, அவன் காலைத் தன் பக்கம் இழுத்துக் கயிற்றைக் கையில் எடுத்தாள்.

"விடுக்கா."

"சும்மா இரு."

ஒரு காலைக் கட்டி முடித்தாள். மற்றக் காலை எடுத்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "அன்னிக்கு அவ தூங்கிட்டுத்தான் இருந்தாளா?"

தம்பி காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன். இவ்வளவு நாளா கேக்கல. கேக்கறதுக்கு தைரியம் வரல. இப்ப சொல்லு."

"எதுக்குக்கா இப்ப அதெல்லாம்..."

"நான் அவளைப் பெத்தவடா."

ரேடியோவின் குரல் தேய்ந்து வந்தது. "தூங்கலக்கா. முழிச்சுட்டுத்தான் இருந்தா. நீ போன கொஞ்ச நேரத்துலயே மறுபடி மூச்சு இழுக்க ஆரம்பிச்சுடுச்சு. நர்ஸ் எல்லாம் ஓடி வந்தாங்க. அம்மா எங்கன்னு கேட்டா. வந்துட்டிருக்கான்னேன். மறுபடி கேட்டா. கீழ வந்துட்டா, படி ஏறிக்கிட்டிருக்கான்னேன்."

"அப்புறம்?"

"கதவையே பார்த்துட்டிருந்தா."

அக்காவின் கையில் கயிறு அப்படியே நின்றது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"நான் பஸ் ஸ்டாப்புல நின்னுட்டிருந்தேன்" என்றாள். "பஸ்ஸே வரலடா. நடந்திருந்தாகூட வந்திருப்பேன். வந்துடும் வந்துடும்னு நின்னுட்டேன்."

"அக்கா..."

"படி ஏறிக்கிட்டிருக்கான்னு சொன்னியா?"

"ஆமா. பொய்தான். வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

"நல்லதுடா." முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். கண்ணீர் நிற்கவில்லை, மூக்கு நுனியிலிருந்து அவன் ஷூ மேல் சொட்டியது. "நல்லது பண்ண. வந்துடுவான்னு நினைச்சுட்டாவது இருந்திருப்பா."

மற்றக் காலின் கயிற்றையும் கட்டி முடித்தாள். பிறகு அவள், "டீச்சர்?" என்றாள். "பொய் சொல்லாம சொல்லு."

"கஷ்டப்பட்டுச்சுக்கா. என் மடிலதான் வெச்சிருந்தேன். ரொம்ப நேரம் இழுத்துச்சு. அப்புறம் கழுத்தை என் கை மேல போட்டுடுச்சு. அதோட சரி."

அக்கா தலையாட்டினாள். கட்டின கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"என்னக்கா?"

"இந்த முதுகை வெச்சுக்கிட்டு எங்க போகப் போற? போய்க் கை கழுவிட்டு வா, சாப்பாடு போடறேன்."

மருத்துவர் மறுபடி வந்தபோது, என்ன முடிவு செய்தீர்கள் என்று கேட்டார். "இருக்கட்டும் டாக்டர். இருக்கற வரைக்கும் இருக்கட்டும்" என்றாள் அக்கா. தம்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

முதுகு ஓரளவு தேறியதும் அவனுக்கு வேறு ஊரில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. உட்கார்ந்தபடி லாரிகளை அனுப்பி வைக்கிற வேலை. "லாரிக்குள்ள உக்காந்து பேசினேன், இப்ப லாரியைப் பார்த்து உக்காந்து பேசப் போறேன்" என்றான். பஸ் ஏறும்வரை பேசிக்கொண்டேதான் இருந்தான். அக்கா கடைசி வரை நின்று அனுப்பிவிட்டு வந்தாள். அவன் அன்றைக்குச் சொன்னது ராத்திரி படுத்தால் முன்னால் வந்து நிற்கும். கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிற முகம். முன்பு அந்த முகம் மூடிய கண்ணோடு வரும். எது மேல் என்று அவளால் சொல்ல முடியாது. ஆனால் இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கிக்கொள்ள அவளுக்கு மனசில்லை.

புதுசுகள் வளர்ந்து கோழிகளாயின. யாருக்கும் அவள் பேர் வைக்கவில்லை. மொட்டை, புள்ளி, வெள்ளை என்று அடையாளம் சொல்வதோடு சரி. சில்கி கொஞ்ச காலம் சாயங்காலமானால் யாருடைய வயிற்றுக்கடியிலாவது நுழையப் பார்க்கும். லெகார்ன் விரட்டும், செங்கல் விரட்டும். கடைசியில் மொட்டைக் கழுத்தின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். வீடு மாறிப் போகிற பக்கத்து வீட்டம்மா, தன்னுடைய இரண்டு கோழிகளை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கூடையோடு வந்து நின்றாள். அக்கா கைகூப்பி மறுத்தாள். காரணம் சொல்லியும் அந்த அம்மாவுக்கு மனத்தாங்கல்தான்.

அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் தம்பியிடம் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப ஒன்னொன்னா போய்க் கடைசில ஒன்னு மட்டும் நிக்குமேக்கா. அது என்ன பண்ணும்?" என்றான்.

"என்ன பண்ணும்? தனியா இருக்கும்."

அவன் பக்கம் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது. அது அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"நீ எப்ப வர்ற?" என்று கேட்டாள்.

"அடுத்த மாசம் லீவு கேட்டிருக்கேன்."

"குடுப்பாங்களா?"

"பேசிப் பார்க்கறேன்."

"பேசு" என்றாள் அக்கா.